இலவ மரத்து இரும்பு மனிதன்

என் சித்தப்பா செய்த இரும்பு மனிதனில் இரும்பு என்று இருந்தது ஏழு கதவுக் கீல்களும் ஒரு கை ஆணிகளும்தான். மற்றதெல்லாம் எங்கள் கிணற்று மேட்டில் காற்றுக்குச் சாய்ந்துவிட்ட இலவ மரம். அதற்குள் இருந்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. நடக்கப் பழகிய வயதிலேயே தாயை இழந்தவர். அம்மா மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்குக் கிடைத்த முதல் சீதனம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த இந்தக் கொழுந்தன்தான். எங்களையெல்லாம் தூக்கிய இடுப்பில் முதலில் உட்கார்ந்தவர் அவர். அம்மாவை அவர் 'நங்கை' என்பார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவது. அம்மா அவரைத் திட்டாத நாள் கிடையாது. அவர் சாப்பிடும் முன்னால் அவள் சாப்பிட்ட நாளும் கிடையாது.

மோகனூர்ச் சாலையை ஒட்டி எங்களுக்குப் பத்து ஏக்கர் காடும் ஒரு கிணறும் இருந்தன. சித்தப்பாவுக்கு விவசாயம் வரவில்லை. எருதுகளைப் பூட்டித் தண்ணீர் இறைக்கச் சொன்னால், தோல்பை மேலே வரும் நேரத்தில் உருளை எப்படிச் சுற்றுகிறது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். பை தானாகவே மறுபடி கிணற்றுக்குள் கொட்டிக்கொள்ளும். எருதுகள் அவரைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நான் வேறு எந்த மாட்டிடமும் கண்டதில்லை.

கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போனவர் ஒருமுறை அங்கே ஓர் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஒரு இரும்பு மனிதன் கைகளை நீட்டிக்கொண்டு விறைப்பாக நடந்து வருவானாம். ஒரு துரைசானி அவனைப் பார்த்து மயங்கி விழுவாளாம். சித்தப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்படியே நடந்தார். எங்கள் வீட்டில் மயங்கி விழ யாருக்கும் நேரமில்லை. எருமை மட்டும் ஒரு வேளை பால் தர மறுத்தது.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. சேலத்தில் ஒரு படக் கம்பெனி இருந்தது. அங்கே சுவருக்கு வர்ணம் அடிக்கிற ஆள் ஒருவன் சித்தப்பாவுக்குப் பழக்கமாகியிருந்தான். அவன் ஒரு சேதி சொன்னான். கம்பெனியில் மந்திரவாதிக் கதை ஒன்று எடுக்கிறார்கள். மந்திரவாதிக்குக் காவலாக ஒரு இயந்திர மனிதன் வேண்டும். தகரத்தில் ஒன்று செய்து பார்த்ததில், அதைப் போட்டுக்கொண்ட ஆள் இரண்டு எட்டு வைத்துக் குப்புற விழுந்து முன்பல்லைப் பறிகொடுத்துவிட்டான். பார்க்க இரும்பாகவும் தூக்க மரமாகவும் எவன் செய்து கொண்டுவருகிறானோ அவனுக்குப் பட்டறையில் வேலை உண்டு, ஆடி முடிவதற்குள் வரவேண்டும் என்று மேலாளர் சொன்னாராம். மேலாளர் சொன்னது ஊருக்குப் பொதுவாக. சித்தப்பாவோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

"கூத்தாடப் போறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார் அப்பா.

"ஆட மாட்டனுங்கண்ணா. செஞ்சு குடுக்கறதோட செரி," என்றார் சித்தப்பா.

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்தக் கருமத்த ஊட்டுக்குள்ள கொண்டாந்தா அடுப்புல வெச்சிருவேன், ஆமா."

ஆகவே வேலை வண்டிக் கொட்டகையில் நடந்தது. சித்தப்பா தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போடச் சொன்னார். போட்டேன். அவர் எழுந்ததும் தரையில் இன்னொரு சித்தப்பா படுத்திருந்தார். அந்தக் கோட்டுக்கு அச்சாகப் பலகைகளை அறுத்தார். தலைக்கு, விதை அளக்கிற பழைய மர வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தார். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கீல்கள். விரல்களுக்குத் தறிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிவந்த, நூல் சுற்றுகிற தார்க்குச்சிகள் பத்து. அது யுத்த காலம், மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே அபூர்வம். வேலையில்லாமல் தொங்கிய அம்மாவின் புனல்கள் இரண்டும் காதுகளாயின. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளி வர்ணம் பூசியதும், கொட்டகைக்குள் போகக் கோழிகள் பயந்தன.

அளவில்தான் கோளாறு. பலகை இரண்டு விரற்கடை கனம். வெளிப்பக்கம் சித்தப்பாவின் அளவாக இருந்ததால் உள்பக்கம் சித்தப்பாவுக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் இதை ஒப்புக்கொள்ளாமல் மூச்சை அடக்கி உள்ளே நுழைந்தார். நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. அம்மாதான் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து இடுக்குகளில் ஊற்றி, தோளைப் பிடித்து இழுத்து, இரண்டாம் முறையாக ஒரு பிரசவம் பார்ப்பதுபோல அவரை வெளியே எடுத்தாள். எடுத்துவிட்டுத் திரும்பி நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு திரும்பி, "எண்ணெய் வீணாப் போச்சு" என்று திட்டினாள்.

சித்தப்பா எண்ணெய் வழிய உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "சாமி, நீ கொஞ்சம் உள்ள போய்ப் பாரு."

எனக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கால்களுக்குள் இரண்டு மரக்கட்டைகள், அவற்றின் மேல் நான். மணிக்கட்டில் கட்டிய கயிறுகளை இழுத்தால் கைகள் உயரும். என் தலை அதன் கழுத்து வரைதான் எட்டியது. நெஞ்சில் மூடி போட்ட ஒரு கீறல் இருந்தது; அது வழியாகத்தான் எனக்கு உலகம் தெரிந்தது. உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றதும், காற்று வருவதற்காகத் தலைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டார். கம்பெனியில் குள்ளமான ஆட்கள் நிறைய இருப்பார்கள், அதுவரை நீ நட என்றார்.

நடந்தேன். மூன்றாம் நாள் கொட்டகை வாசலைத் தாண்டி நடந்து எருக்குழிக்குள் போய் விழுந்தேன். அப்பா வந்து பார்த்தபோது குழிக்குள் ஒரு வெள்ளி மனிதன் கவிழ்ந்து கிடந்து அழுதுகொண்டிருந்தான்.

"பொட்டப்புள்ள இனி அதுக்குள்ள போனாள்னா, அதையும் உன்னையும் சேத்துக் கொளுத்திருவேன்," என்றார் சித்தப்பாவிடம். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது அப்பா பங்காளிகளைக் கூட்டிப் பேசினார். அவருக்குத் தம்பியை அனுப்ப மனமில்லை. நேராக முடியாது என்று சொன்னால், தாயில்லாத பிள்ளையைத் தடுத்துவிட்டான் என்று பேச்சு வரும். அதனால் பொறுப்பை எடுத்து முனியப்பன் தலையில் வைத்தார். எங்கள் காட்டு மூலையில் வேப்பமரத்தடியில் முனியப்பன் கல்லாக நிற்கிறார். கிணறு வெட்டவோ பெண் எடுக்கவோ அவரிடம்தான் உத்தரவு கேட்போம். கிடாயைக் கொண்டுபோய் நிறுத்தி, பூசாரி அதன் மேல் மஞ்சள் நீரை ஊற்றுவார். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால், எங்கள் பேச்சில் துளுக்கினால், சாமி சம்மதம். துளுக்கிய கிடாயை வெட்டிப் பூசை. துளுக்காவிட்டால் எடுத்த காரியத்தை விட்டுவிட வேண்டும்.

அப்பா தேர்ந்தெடுத்த கிடாயைப் பார்த்ததுமே சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பட்டியிலேயே மூத்த கறுப்புக் கிடாய் அது. அதற்கு முன்னால் இரண்டு தடவை முனியப்பன் முன்னால் நின்று, குடம் குடமாக நனைந்து, துளுக்காமலேயே வீடு திரும்பிய பேர்வழி. மழையில் மற்ற ஆடுகள் கத்திக்கொண்டு ஓடும்போது, இது நின்ற இடத்திலேயே அசை போடும்.

"போறது அவன் மட்டுமில்ல, அந்த இரும்பு மனுசனும் போவுது. அதையுங் கொண்டாந்து சாமி முன்னால நிறுத்து," என்றார் அப்பா.

சித்தப்பாவும் ஒரு திட்டம் வைத்திருந்தார். உத்தரவு கிடைத்தால் பங்காளிகள் முன்னால் இரும்பு மனிதன் நாலு எட்டு நடந்து காட்டவேண்டும். அப்போதுதான் இவன் கூத்தாடப் போகவில்லை, வித்தை தெரிந்தவன் என்று மரியாதையாக அனுப்புவார்கள். ஆகவே விடிந்ததும் என்னை உள்ளே வைத்து மூடிவிட்டார். நான் சொல்லும்வரை மூச்சு விடாதே என்றார். நான் போட்டிருந்தது பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை. வீட்டிலிருந்து அம்மா தலை பின்ன என்னைக் கூப்பிட்டது கேட்டது. வழக்கமாக ஏழெட்டுத் தரம் கூப்பிட்டு, கடைசியில் விளக்குமாற்றோடு வருவாள். அன்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள்.

வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கிடாய்க்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். பங்காளிகள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அம்மா எங்களுக்குப் பின்னால், வேப்பமரத்து நிழலில் தண்ணீர்த் தாழியை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குச் செம்பில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பூசாரிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மறு கண் சுமார். மஞ்சளை மட்டும் தாராளமாகக் கரைப்பார். முதல் குடம் ஊற்றினார். கிடாய் அசை போட்டது. இரண்டாம் குடம். கிடாய் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாம் குடத்துக்குக் கறுப்புக் கிடாய் மஞ்சள் கிடாயாகிவிட்டது. பூசாரியின் வேட்டி மஞ்சள், கிடாயைப் பிடித்திருந்த ஆளின் கை மஞ்சள், தரையெல்லாம் மஞ்சள். கிடாய் மட்டும் அசையவில்லை.

"உத்தரவில்லையாட்டம் இருக்குதுங்க," என்றார் மூத்த பங்காளி.

"சாமிக்கே இஷ்டமில்லீன்னா நாம என்னங்க பண்றது," என்றார் அப்பா. அவர் அவ்வளவு துக்கமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கீறல் வழியாக சித்தப்பா தெரிந்தார். அவர் கிடாயைப் பார்க்கவில்லை. என்னை, அதாவது அவர் செய்ததை, பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக் கீலில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. பக்கத்தில் வந்து அதைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். இனி எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் அதைச் செய்தார். கயிற்றை இழுத்து ஆட்டிவிடலாமா என்று நினைத்தேன். சாமி கண்ணைக் குத்தும் என்ற பயத்தில் கை வரவில்லை.

"சாத்திரத்துக்குக் கடைசியா ஒருக்கா சுத்தி வந்தர்றனுங்க," என்று பூசாரி மஞ்சள் நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, கிடாயையும் என்னையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தார். முன்னால் போனார். பக்கவாட்டில் போனார். பின்னால் மறைந்தார்.

அப்போது என் பிடரியில் கொட்டியது தண்ணீர். இரவெல்லாம் தாழியில் குளிர்ந்த தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி. கழுத்து இடைவெளி வழியாக விழுந்து முதுகெலும்பில் ஓடி இடுப்பில் தேங்கியது. வேகிற புழுக்கத்தில் ஒரு நாழிகை நின்றிருந்த எனக்கு உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு; உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறிவிட்டேன். மணிக்கட்டுக் கயிறுகள் இழுபட்டுக் கைகள் இரண்டும் மேலே போயின. கீல்கள் கிரீச்சிட்டன. வள்ளத் தலை அப்படியும் இப்படியும் ஆடிற்று. புனல் காதுகள் கலகலத்தன.

பிறகு, "துளுக்கிருச்சு," என்றார் யாரோ.

"ஆடு துளுக்குலீங்களே," என்றார் அப்பா.

"பூசாரி தண்ணிய மரத்துமேல ஊத்திப்போட்டாப்ல, அதான் அது துளுக்குச்சு," என்றார் ஒரு பங்காளி.

"கை தவறிருச்சாட்டம் இருக்குதுங்க," என்றார் பூசாரி. செம்பை ஆட்டிப் பார்த்துக் குழம்பினார்.

மரம் துளுக்கினால் கணக்கில் சேருமா என்று ஒரு வழக்கு நடந்தது. மூத்த பங்காளிதான் தீர்ப்புச் சொன்னார். "உசுரு இருக்கற ஆடு துளுக்கறதுல என்னப்பா அதிசயம்? உசுரில்லாத மரம் துளுக்கியிருக்குது. இதுக்கு மேல சாமி எப்புடிச் சொல்லோணும்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பூசாரிக்கோ அடுத்த வேலை தெளிவாகிவிட்டது. அரிவாளை எடுத்து விரலால் பதம் பார்த்தார். துளுக்கியதைத்தான் வெட்டவேண்டும், அதுதான் முறை என்று என்னை நோக்கி வந்தார். சித்தப்பா எனக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஓர் எட்டு வைத்தார். நான் கத்தவில்லை. இரும்பு மனிதன் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தாரே என்ற நினைப்பு அந்த நேரத்திலும் இருந்தது.

"மரத்த வெட்டுனா அருவா போயிருமுங்க." அம்மாவின் குரல். பங்காளிகள் கூடின இடத்தில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. "மரத்துக்குப் பூசணிக்காய் போதுமுங்க." பூசணிக்காயை எடுத்துவர அவள் வீட்டுக்குப் போகவில்லை. தாழிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது.

பூசணிக்காய் வெட்டுப்பட்டது. எல்லாரும் கும்பிட்டார்கள். என்னை வண்டியில் ஏற்றினார்கள். அப்போதுதான் அந்தக் கிடாய் நிதானமாக உடம்பை ஒரு உதறு உதறிற்று. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

சித்தப்பா ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி என்னை வெளியே எடுத்தார். "நங்கைகிட்டச் சொல்லு, வாரேன்னு," என்றார். நடக்கவில்லையே சித்தப்பா, நான் நடந்து காட்டவேயில்லையே என்று அழுதேன். அவரும் அழுதார், எதற்கென்று சொல்லவில்லை. வண்டி நாமக்கல் பக்கம் போயிற்று. பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த இரும்பு மனிதன், கண்ணுக்கு மறையும்வரை ஒரு கையைத் தூக்கியபடியே போனான். கயிறு எங்கோ சிக்கியிருந்தது.

வேலை கிடைத்தது. படமும் வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு நாமக்கல் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தோம். இரும்பு மனிதன் மந்திரவாதியின் அரண்மனை மூலையில் சும்மா நின்றான். குள்ளமான ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு வீரன் தன் சால்வையை அவன் கையில் மாட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான். ஆனாலும் அவனைக் கண்டதும் எங்கள் பூசாரி எழுந்து நின்று கும்பிட்டார், பின்வரிசைக்காரர்கள் திட்டினார்கள். சித்தப்பா பிறகு ஊரோடு தங்கவே இல்லை. பொங்கலுக்கு வருவார், கரிநாளுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தத் துளுக்கு என் ரகசியமாகவே இருந்தது. பூசாரியின் கை தவறியதால் சித்தப்பாவுக்கு வாழ்வு வந்தது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்கு அதே வேப்பமரத்தடியில் காது குத்தினோம். அப்போது வேறு பூசாரி, வேறு கிடாய். முதல் குடத்துக்கே துளுக்கிவிட்டது. துளுக்கியதில் தெறித்த மஞ்சள் நீர் என் வெண்பட்டுச் சேலை முழுக்கப் பூப்பூவாக அப்பிக்கொண்டது. நான் ஓடிப்போய்த் தாழித் தண்ணீரில் அலசினேன். அம்மாவுக்கு அப்போது தலை நரைத்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சத் தண்ணி பட்டாப் போவாது சாமி. உடு."

சேலையைப் பிழிந்த கை அப்படியே நின்றது. எருமைச் சாணம் பட்டாலே நாலு நாள் அடையாளம் காட்டுகிற அந்த வெள்ளைச் சட்டையை, முனியப்பன் முன்னால் நனைந்த மறுநாள் காலையில் நான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தேன். அதில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

"அம்மா, அன்னைக்கு எம்மேல தண்ணி ஊத்துனது…"

"என்னைக்கு?" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல், பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

சித்தப்பாவின் வண்டி போன அன்று, ஏரிக்கரையிலிருந்து நான் வீட்டுக்கு வந்தேன். எங்கே போனாய் என்று அம்மா கேட்கவில்லை. ஈரத்தை அவிழ்த்து, தலையைத் துவட்டி, வேறு பாவாடை கட்டிவிட்டாள். பிறகு வண்டிக் கொட்டகைக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை என்று தேடிப் போனேன். வேலை நடந்த இடத்தில், நான் கரியால் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தரையில் சித்தப்பா கை கால் விரித்துப் படுத்திருந்தார். அம்மா சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. கிட்டப் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"அழுவாதம்மா. சேலத்துல வேற புனல் வாங்கிக்கலாம்."

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமா சாமி," என்றாள். "வாங்கிக்கலாம்."